குடும்பத்தோடு லக்சம்பர்க் போகிறவர்கள் வீட்டுக்கு முன் பள்ளியைத் தேட வேண்டும்

கேள்வி இதுதான்: "கணவருக்கு லக்சம்பர்க்கில் ஒரு வங்கியில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது. அலுவலகம் தலைநகரின் கிர்ஷ்பெர்க் பகுதியில். இப்போது சென்னையில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. நான் பி.காம். படித்து அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன். அங்கே மூன்று மொழி என்கிறார்கள். எங்களுக்குத் தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும். எந்த ஊரில் வீடு பார்ப்பது, பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கிளம்பும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?"

உங்கள் கேள்வியின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு முன்னால் பள்ளி. பள்ளிக்கும் முன்னால் மகளின் வயது. லக்சம்பர்க்கில் அரசுத் தொடக்கப் பள்ளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தக் கொம்யூனில், அதாவது எந்த உள்ளாட்சியில், குடியேறுகிறோமோ அந்தக் கொம்யூனே நம் முகவரியைப் பார்த்துப் பள்ளியை ஒதுக்கிவிடும். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்து பிள்ளையின் படிப்பு மொழிக்கும் சேர்த்துப் போடுவதுதான். பலர் முதலில் வாடகை குறைவான வீட்டைப் பிடித்துவிட்டு, அப்புறம் பள்ளிக்காக ஆறு மாதத்தில் மறுபடி வீடு மாறுகிறார்கள்.

முதலில் மொழி விவகாரம். நாட்டின் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். இது போதாதென்று பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வேலைக்கு வந்து போகிறார்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி லக்சம்பர்கிஷ் தேசிய மொழி. நிர்வாகத்துக்கு அதோடு பிரெஞ்சும் ஜெர்மனும். இதைக் கேட்டதும் ஊருக்கு ஒரு மொழி என்று பிரித்துவைத்திருப்பார்கள் என நினைக்கத் தோன்றும். சுவிட்சர்லாந்தில்தான் அப்படி. இங்கே ஒரே மனிதர் ஒரே நாளில், இடத்துக்குத் தக்கபடி மொழி மாறுகிறார். பேக்கரியிலும் உணவகத்திலும் பிரெஞ்சு, ஏனென்றால் கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் பிரான்சிலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ வந்தவர். சட்டம் எழுதப்படுவதும் பிரெஞ்சில்தான், ஆனால் நாடாளுமன்றத்தில் விவாதம் லக்சம்பர்கிஷில். குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றது காலங்காலமாக ஜெர்மனில். விளையாட்டுத் திடலில் லக்சம்பர்கிஷும் போர்த்துகீசியமும் கேட்கும். உங்கள் கணவரின் அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும். கிர்ஷ்பெர்க்கை விட்டு வெளியே வந்ததும் அந்த ஆங்கிலம் பாதியாகக் குறையும்.

இனி பிள்ளைகள். நான்கு வயது மகனைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது முடித்த பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். முதல் இரண்டு வருடம் ஆட்டமும் பாட்டும்தான். ஆசிரியை லக்சம்பர்கிஷில் பேசுவார், பிரெஞ்சும் காதில் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பிள்ளைகள் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள், அதனால் உங்கள் பையன் மட்டும் தனியாகத் தெரிய மாட்டான். முதல் மூன்று நான்கு மாதம் வாயே திறக்காமல் இருந்தால் பயந்துவிடாதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் முதலில் கேட்டுச் சேர்த்துவைத்து, பிறகுதான் பேசுவார்கள்.

ஆறு வயதில் எழுத்து தொடங்கும். நெடுங்காலம் அது ஜெர்மனில் மட்டுமே இருந்தது. போர்த்துகீசிய, பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகள் இதனாலேயே பின்தங்குகிறார்கள் என்ற குறை பல காலமாக உண்டு. அதனால் 2022-இல் நான்கு பள்ளிகளில் பிரெஞ்சில் எழுத்தறிவைத் தொடங்கும் பரிசோதனை ஆரம்பித்தது. 2026-27 கல்வியாண்டிலிருந்து நாடு முழுவதும் பெற்றோரே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் மகன் அந்த இடத்துக்கு வரும்போது என்னைக் கேட்டால் ஜெர்மன் என்பேன். இரண்டு வருடம் லக்சம்பர்கிஷ் கேட்டு வளர்ந்தவனுக்கு அது பக்கத்து வீட்டு மொழி. எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம். பின்னாலும் உயர்நிலையின் கீழ் வகுப்புகளில் கணக்கைத் தவிர்த்துப் பல பாடங்கள் ஜெர்மனில்தான் நடக்கும். பிரெஞ்சு எப்படியும் பள்ளியிலும் தெருவிலும் வந்து சேர்ந்துவிடும்.

ஒன்பது வயது மகளின் கதை வேறு. அவள் வயதுப் பிள்ளைகள் ஏற்கெனவே மூன்று வருடம் ஜெர்மனில் படித்திருப்பார்கள். கணக்கும் அறிவியலும்கூட ஜெர்மனில்தான். எழுத்துப் பிரெஞ்சும் அவள் வயதில்தான் சேர்கிறது. அவள் தட்டுத்தடுமாறி நிமிரும்போது பன்னிரண்டு வயது ஆகிவிடும். அந்த வயதில்தான் பிள்ளை பல்கலைக்கழகத்தை நோக்கிய கிளாசிக் லீசேக்கு (லீசே என்றால் உயர்நிலைப் பள்ளி) போவதா, பொது லீசேக்குப் போவதா என்ற முடிவு எடுக்கப்படுகிறது. கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளை ஜெர்மன் போதாததால் மட்டுமே வேறு பாதையில் விழுந்துவிடலாம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழி வகுப்புகள் உண்டு, அக்கறையுள்ள ஆசிரியர்களும் உண்டு. ஆனாலும் இந்த வயதில் அந்தச் சவாலில் பிள்ளையைத் தள்ள மாட்டேன்.

அவளுக்கு ஏற்றது அரசு நடத்தும் ஐரோப்பியப் பாடத்திட்டப் பள்ளி. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். "ஐரோப்பியப் பள்ளி" என்ற பெயரில் இரண்டு வகை இருக்கிறது. கிர்ஷ்பெர்க்கிலும் மாமெரிலும் உள்ளவை ஐரோப்பிய ஒன்றிய ஊழியர்களின் பிள்ளைகளுக்கானவை. மற்றவர்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் கட்டணம் உண்டு. இன்னொரு வகை, லக்சம்பர்க் கல்வி அமைச்சகமே அதே பாடத்திட்டத்தில் நடத்தும் பள்ளிகள். கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். 2016-இல் டிஃபெர்டாஞ்சில் முதல் பள்ளி தொடங்கியது, அதன் கிளை எஷ் நகரிலும் இருக்கிறது. பிறகு ஜுங்லின்ஸ்டர், மோண்டோர்ஃப், கிளெர்வோ, மெர்ஷ், தலைநகரில் கஸ்டன் தோர்ன் பள்ளி என்று வரிசையாக வந்தன. ஆங்கிலப் பிரிவில் சேர்த்தால் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும்; பிரெஞ்சோ ஜெர்மனோ இரண்டாம் மொழி; லக்சம்பர்கிஷும் கற்றுத் தருவார்கள். கடைசியில் ஐரோப்பிய பக்கலோரியா என்ற பள்ளியிறுதிச் சான்றிதழ், அதை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. தனியார் பன்னாட்டுப் பள்ளிகளும் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கே ஆண்டுக்குப் பல்லாயிரம் யூரோ கேட்பார்கள், நிறுவனம் கட்டினால் மட்டும் அந்தப் பக்கம் பாருங்கள்.

இந்த அரசு ஐரோப்பியப் பள்ளிகளுக்குக் கொம்யூன் ஒதுக்கீடு பொருந்தாது. பள்ளிக்கே நேராக விண்ணப்பிக்க வேண்டும், இடமும் குறைவு. வேலை ஒப்பந்தம் கைக்கு வந்த வாரமே, வீடு முடிவாகாவிட்டாலும், இரண்டு மூன்று பள்ளிகளுக்கு எழுதுங்கள். மகளின் மதிப்பெண் பட்டியல்களை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். எங்கும் தகவல் வரவில்லையென்றால் கல்வி அமைச்சகத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கென்றே "சியா" என்ற சேவைப் பிரிவு இருக்கிறது. அவர்கள் பிள்ளையோடு பேசிப் பார்த்து இடம் சொல்வார்கள்.

இரண்டு பிள்ளைகளும் இரண்டு பள்ளியா என்று கேட்பீர்கள். ஆமாம், கொஞ்சம் அலைச்சல்தான். தாங்காது என்று தோன்றினால் இருவரையும் ஐரோப்பியப் பாடத்திட்டத்திலேயே போடலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு மேல் தங்கும் எண்ணம் இருந்தால் மகனுக்கு உள்ளூர்ப் பள்ளியே நல்லது. தெருவில் நண்பர்களும், கால்பந்து கிளப்பும், அவர்களின் அம்மாக்களோடு உங்களுக்குப் பழக்கமும் அதன் வழியாகத்தான் வரும்.

பள்ளி நேரம் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். பல கொம்யூன்களில் செவ்வாயும் வியாழனும் மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும். மற்ற நாட்களில் நடுவே நீண்ட மதிய இடைவேளை. இந்த ஓட்டையை அடைப்பது "மெசோன் ரெலே" எனும் பராமரிப்பகம். மதியச் சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம் அங்கே. 2022 செப்டம்பரிலிருந்து, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும் வாரங்களில் பராமரிப்பு இலவசம். விடுமுறையில் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். சிக்கல் என்னவென்றால் காத்திருப்போர் பட்டியல், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு முன்னுரிமை. அதனால் வீடு பார்க்கும் ஊரின் கொம்யூனுக்கு ஃபோன் செய்து, மெசோன் ரெலேயில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே ஒப்பந்தம் போடுங்கள். சைவம் என்றால் சேர்க்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது சமையலறை வரை போவதில்லை.

சரி, இப்போது வீடு. தலைநகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் 2,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். வெப்பமூட்டல், பொதுப் பராமரிப்பு என்று "ஷார்ஜ்" தனி. நம் ஊர் போலப் பத்து மாத அட்வான்ஸ் கிடையாது. 2024 ஆகஸ்ட் முதல் அட்வான்ஸ் அதிகபட்சம் இரண்டு மாத வாடகை, புரோக்கர் கமிஷனை வீட்டுக்காரரும் நீங்களும் பாதிப் பாதி கொடுக்க வேண்டும். முழுக் கமிஷனும் உங்கள் தலையில் என்று சொன்னால் சட்டத்தைச் சொல்லுங்கள். அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி உத்தரவாதமாகக் கொடுப்பது வழக்கம். அந்தத் தொகை உங்கள் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கும். குடியேறும் நாளில் "எத்தா தெ லியூ" என்று சுவர், தரை, குழாய் எல்லாவற்றின் நிலையையும் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்துவையுங்கள். காலி செய்யும்போது பணம் பிடிப்பது அந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

அலுவலகம் கிர்ஷ்பெர்க்கில் என்பதால் உங்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் மெர்ஷ். வடக்கு ரயில் பாதையில் இருக்கிறது. ரயிலில் ஏறி ஃபாஃபென்தால்-கிர்ஷ்பெர்க் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து மலைச்சரிவில் ஏறும் கேபிள் ரயில் நேராகக் கிர்ஷ்பெர்க் டிராம் நிறுத்தத்தில் கொண்டுபோய் விடும். அரசு ஐரோப்பியப் பள்ளியும் அதே ஊரில். வாடகை தலைநகரை விடக் குறைவு, ஆனால் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தது தெற்கே எஷ், டிஃபெர்டாஞ்ச். பழைய எஃகு ஊர்கள். இத்தாலியர், போர்த்துகீசியர் வந்து வந்து கட்டிய ஊர்கள் என்பதால் புதியவர்களுக்கு முகம் சுளிக்காத இடங்கள், பிரெஞ்சு இல்லாமல் அங்கே நாள் நகராது. ரயில், பேருந்து, டிராம் எல்லாம் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் இலவசம், இரண்டாம் வகுப்பில் டிக்கெட்டே இல்லை. டிராம் 2025 மார்ச் முதல் விமான நிலையம் வரை போகிறது. வந்ததும் கார் வாங்க ஓடாதீர்கள்.

எல்லைக்கு அப்பால் ட்ரியர், ஆர்லோன், தியோன்வீல் பக்கம் வாடகை குறைவு என்று அலுவலகத்தில் யாராவது ஆசை காட்டுவார்கள். அவர்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள். உங்கள் கையில் இருக்கப்போவது லக்சம்பர்க்கின் வதிவிட அட்டை. அதை வைத்துக்கொண்டு ஜெர்மனியிலோ பிரான்சிலோ குடியிருக்க முடியாது, அந்த நாட்டின் அனுமதி தனியாக வேண்டும்.

காகிதங்களில் வரிசை மிக முக்கியம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். முதலில் லக்சம்பர்க் குடிவரவுத் துறையிடமிருந்து தற்காலிகத் தங்கும் அனுமதி, அதைக் காட்டி நீண்ட காலம் தங்குவதற்கான டி வகை விசா, அதன் பிறகுதான் விமானம். இறங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் கொம்யூனில் வருகையைப் பதிய வேண்டும். பின்னர் மருத்துவப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை. மூன்று மாதத்துக்குள் வதிவிட அட்டைக்கு விண்ணப்பம். கொம்யூனில் பதிய முகவரி வேண்டும், நிரந்தர வீடு பிடிக்க வங்கிக் கணக்கு வேண்டும், வங்கி பதிவுச் சான்று கேட்கும். இந்தச் சுழலிலிருந்து வெளிவர ஒரே வழி, முதல் இரண்டு மாதத்துக்குத் தற்காலிக ஃபர்னிஷ்டு வீடு எடுக்கும்போதே, "இந்த முகவரியில் கொம்யூனில் பதிய முடியுமா" என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. பல ஹோட்டல் வகை அறைகளில் அது நடக்காது.

பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்புச் செலவு தனி என்பதால் ஆங்கிலமும் உள்ள சான்றிதழாகவே எடுத்துவிடுங்கள். நம் ஆட்களுக்கே உரிய தொல்லை இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலோடு, திருமணச் சான்றிதழில் அப்பா பெயரை விரித்து என்று மூன்று விதமாக இருந்தால், அங்கே மூன்று வேறு ஆட்களாகவே பார்ப்பார்கள். அந்த நாட்டில் பெண்களைத் திருமணத்துக்குப் பிறகும் பிறந்தபோது வைத்த பெயரிலேயே பதிவார்கள். கணவர் பெயரைச் சேர்த்து பாஸ்போர்ட் எடுத்திருந்தால் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள். சென்னையில் இருக்கும்போது திருத்துவது அலைச்சல்தான், அங்கிருந்து திருத்துவது அதைப் போலப் பத்து மடங்கு.

பதிவு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் 13 இலக்க "மத்ரிகுல்" எண் வரும். பிறந்த தேதியில் தொடங்கும் அந்த எண்தான் மருத்துவர், வங்கி, பள்ளி எல்லாவற்றுக்கும் சாவி. கணவரின் வேலை வழியாக நீங்களும் பிள்ளைகளும் சி.என்.எஸ். என்ற பொது மருத்துவக் காப்பீட்டில் கூடுதல் பணமின்றிச் சேர்வீர்கள். மருத்துவரிடம் பொதுவாக முழுத் தொகையையும் நீங்கள் கொடுத்து, ரசீதை அனுப்பி, பெரும்பகுதியைத் திரும்பப் பெறும் முறை. உடனடியாகக் கழித்துக்கொள்ளும் மின்வழி முறையும் இப்போது வந்திருக்கிறது, மருத்துவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். குழந்தை மருத்துவர்கள் பலர் புதிய பெயர்களைச் சேர்ப்பதில்லை, அதனால் வந்த முதல் வாரமே தேடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். குழந்தைகளுக்கான மாதாந்தர உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க மறக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு 300 யூரோ அளவில் வரும், வயதுக்கேற்பக் கொஞ்சம் கூடும்.

உங்கள் வேலை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பி.காம். படிப்புக்கு ஐரோப்பாவில் இதைவிடப் பொருத்தமான நாடு அரிது. முதலீட்டு நிதிகளின் நிர்வாகத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் லக்சம்பர்க்குக்குத்தான். ஃபண்ட் அக்கவுண்டிங், வாடிக்கையாளர் சரிபார்ப்பு போன்ற வேலைகளில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களையும் எடுக்கிறார்கள். குடும்ப இணைப்பில் வருபவர்களும் வேலை பார்க்க 2023 சட்டத் திருத்தம் வழியைத் திறந்துவிட்டது. உள்ளூர்ச் சிறு நிறுவனங்களின் கணக்கு எழுதும் வேலைக்குப் பிரெஞ்சு இல்லாமல் முடியாது.

அதனால் மொழியை வீட்டுக்குள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லாம் படிக்கிறேன் என்று கிளம்பினால் யாருக்கும் எதுவும் வராது. நீங்களும் மகளும் பிரெஞ்சு. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறதே, நாளைக்கே சேர்ந்துவிடுங்கள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் மொழியை முதல் வகுப்பிலிருந்தே படித்திருப்பார்கள், அந்த இடைவெளி கொஞ்சம் குறையும். கணவர் லக்சம்பர்கிஷ். தனியார் வேலையில் இருப்பவர்கள் இந்த மொழியைப் படிக்கவே அதிகபட்சம் 200 மணி நேரம் விடுப்பு எடுக்கலாம், குறைந்தது ஆறு மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும். குடியுரிமைக்கு ஐந்து வருட வசிப்போடு லக்சம்பர்கிஷ் வாய்மொழித் தேர்வும் உண்டு. லக்சம்பர்க் இரட்டைக் குடியுரிமையை ஏற்கும், இந்தியா ஏற்காது, அதை யோசிக்க இன்னும் காலம் இருக்கிறது. ஜெர்மன் மகனின் பங்கு, அவனைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள். பிள்ளைக்கு இத்தனை மொழி பாரமாகிவிடும் என்று பயந்து, வீட்டுப் பேச்சை அரைகுறை ஆங்கிலத்துக்கு மாற்றும் பெற்றோரைப் பார்க்கிறேன். மகனுக்கு அதனால் ஒரு மொழியும் குறையாது, தாத்தா பாட்டியோடு பேசும் மொழிதான் போகும். எழுதப் படிக்க நீங்களேதான் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கும். அங்கே நம்மவர்கள் மிகக் கொஞ்சம். பெரிய அளவில் தமிழ்க் கடைகளும் கூட்டமும் வேண்டுமென்றால் அதிவேக ரயிலில் இரண்டே கால் மணி நேரத்தில் பாரிஸ், லா ஷப்பேல் தெரு. கோயில் என்றால் ஜெர்மனியின் ஹம் நகர் காமாட்சி அம்பாள் கோயில், காரில் அரை நாள் பயணம்.

சில்லறை விஷயங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தை முதல் வருடத்துக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள், விட்டுவிட்டால் தேர்வு எழுத வேண்டிவரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் அபூர்வம். பிள்ளைகளின் வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குளிர் உடுப்பு சென்னையில் வாங்க வேண்டாம், அங்கேயே நல்லதாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்கு மழைக்கால பூட்ஸ் முதல் வாரமே தேவைப்படும். குக்கரும் கிரைண்டரும் தாராளமாகக் கொண்டுபோங்கள். மின்னழுத்தம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கிரைண்டரை ராத்திரி பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டாதீர்கள். ஃபிளாட் விதிமுறைத் தாளில் அமைதி நேரம் போட்டிருக்கும், கீழ்வீட்டுக்காரர் அதைப் படித்திருப்பார்.